வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க

டாக்டரம்மா சொன்னதில் தப்பே இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பிறகு அந்த அம்மாள் தலையில் யாரும் பழியைப் போடக் கூடாது. சொன்னது சரி. அது போய் விழுந்த காதுதான் சரியில்லை.

அந்தக் காதுக்குச் சொந்தக்காரர் குழாய் வேலை செய்கிறவர். தெரிந்தவர்கள் எல்லாருக்கும் அவர் வாஷர்தான். எந்த வீட்டில் எந்தக் குழாய் ஒழுகினாலும், குனிந்து பார்ப்பதற்கு முன்பே "ஒரு வாஷர் போட்டா சரியாயிடும்" என்பார். பத்தில் ஆறு தடவை சரியாகவும் ஆகிவிடும், அதனால் பேர் ஒட்டிக்கொண்டது. மிச்ச நாலு தடவை சுவரை உடைக்க வேண்டியிருக்கும். அதைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை.

வீட்டிலும் இதே கதைதான். அவர் மனைவி ஒரு சலவைக் கடையில் நாள் முழுக்க நின்றபடி இஸ்திரி போடுகிறவள். இரண்டு வருஷமாக வயிற்று வலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் நெஞ்சுக் குழிக்குக் கீழே பிடிக்கும், முதுகுப் பக்கம் போகும், வியர்த்துக் கொட்டும். "கேஸ்தான், ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்" என்றார் வாஷர். அப்புறம், வேலைக்குப் போகச் சோம்பல் என்றார். ஒருநாள் அவருடைய தங்கை வீட்டுக்குக் கிளம்பும் நேரம் பார்த்து வலி வந்தது. "எங்க வீட்டு ஆளுங்கன்னா மட்டும் சொல்லி வச்ச மாதிரி வலி வரும். நல்லா நடிக்கிற" என்றார். அன்றைக்கு மனுஷன் வாயில் யாராவது ஒரு வாஷரை வைத்து இறுக்கியிருக்கலாம்.

அதற்குப் பிறகு அவள் வலி என்ற பேச்சையே எடுக்கவில்லை. பித்தப்பையில் கல் இருந்திருக்கிறது. அதில் ஒன்று நழுவி இறங்கி, கணையத்தின் குழாய் திறக்கிற வாயை அடைத்து, கணையம் வெந்து போய், அவள் இஸ்திரி மேசை மேலேயே சரிந்தாள். சலவைக் கடைக்காரர்தான் தூக்கிக்கொண்டு ஓடினார். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. மூக்கில் குழாய், கையில் குழாய், கீழே குழாய். வாழ்நாளெல்லாம் குழாயோடு புழங்கிய மனுஷன் அவற்றில் ஒன்றையும் தொட முடியாமல் வார்டு வாசலில் நின்றார்.

பிழைத்து வீடு வந்தாள். ஆனால் நாலாவது வாரம் மறுபடி சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு வாய் சாப்பிட்டால் மூன்றாவது வாய் திரும்பி வந்தது. மேல்வயிறு ஒரு பக்கமாக மேடு தட்டியிருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். அவள் உள்ளே துணி மாற்றிக்கொண்டிருக்க, டாக்டரம்மா வாஷரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கணையத்துலேர்ந்து கசிஞ்ச நீர், இரைப்பைக்குப் பின்னாடி ஒரு பை மாதிரி கட்டி நிக்குது. எட்டு சென்டிமீட்டர் இருக்கு. இதுக்குப் பேரு பொய்க்கட்டி. இப்ப நாங்க கை வைக்கிற மாதிரி இல்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. பிடிச்சதச் சாப்பிடட்டும். ஆனா எண்ணெய், கொழுப்பு எதுவும் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாத்தான் குடுக்கணும். காய்ச்சல் வந்தாலோ வலி அதிகமானாலோ உடனே வரணும். ஆறு வாரம் பார்ப்போம்."

இதைவிடத் தெளிவாக ஒருத்தர் எப்படிச் சொல்வது? ஆனால் "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று ஒரு டாக்டர் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா. வாஷரின் அம்மாவுக்கும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். கூட்டிக்கொண்டு வந்த பதினோராம் நாள் தூக்கிக்கொண்டு போனார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கை வைக்கிற மாதிரி இல்லை என்றால், கை விரித்துவிட்டார்கள். பிடித்ததைச் சாப்பிடட்டும் என்றால், கடைசி ஆசை. ஆறு வாரம் என்றால், கெடு. பொய்க்கட்டியாம். கேட்கிறவன் மனசு தாங்காது என்று கட்டிக்கே ஒரு பொய்ப் பேர் வைத்துச் சொல்கிறார்கள். "ஆனா"வுக்குப் பிறகு வந்த எதுவும் அவர் மண்டையில் ஏறவில்லை.

டாக்டரம்மா ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதியும் கொடுத்தார். அதை நாலாக மடித்து ஸ்பானர் பைக்குள் போட்டுக்கொண்டு, "சரிங்கம்மா" என்று கும்பிட்டார் வாஷர். சந்தேகம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டதற்குக்கூட இல்லை என்று தலையாட்டினார்.

"என்னவாம்?" என்றாள் மனைவி, வெளியே வந்து.

"ஒண்ணுமில்லையாம்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். இரண்டு வருஷமாகக் கேட்ட அதே பதில்தான். ஆனால் இந்தத் தடவை சொன்னவர் கண் அங்கே இல்லை. அவள் மேலே எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் காலை வாஷர் பாத்திரம் தேய்த்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் தான் சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்தி வைத்திராத மனுஷன், சட்டியின் அடியில் பிடித்த கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வெந்நீர் வைத்தார். அவள் துணியைத் துவைத்துக் கொடியில் தலைகீழாகக் காயப் போட்டார். வேலைக்குக் கூப்பிட்ட மூன்று வீடுகளுக்கும் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார். மத்தியானம் அவள் காலடியில் உட்கார்ந்து கால் பிடித்துவிட்டார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதுதான். அவள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

நாலாம் நாள் அவளுடைய அக்கா வந்து இறங்கினாள். போனில் வாஷர் அவளிடம் அழுதிருக்கிறார். "யாருகிட்டயும் சொல்லாதீங்க அக்கா. ஆறு வாரம்தான்னு சொல்லிட்டாங்க" என்று. அக்காவும் யாரிடமும் சொல்லவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குலுங்கிக் குலுங்கி அழுதாள், அவ்வளவுதான். தங்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "மகராசி, உனக்குப் போயா இப்படி" என்றாள். மூடி வைத்த ரகசியம் முழுசாக வெளியே வந்தாயிற்று.

அன்றைக்குப் பிற்பகல் அக்கா கண்ணயர்ந்த நேரத்தில் மனைவி அவரைக் கூப்பிட்டாள்.

"எத்தன நாளு?"

"என்னது எத்தன நாளு?"

"பாத்திரம் தேய்க்கிறீங்க. கால் பிடிச்சு விடுறீங்க. எங்க அக்கா வந்து ஒப்பாரி வைக்குது. நான் என்ன சின்னப் புள்ளையா? எத்தன நாளுன்னு சொன்னாங்க?"

"ஆறு வாரம்" என்றார். சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினார். அவள் அழவில்லை. தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள், அது கிளம்பவேயில்லை.

"நான் ஒண்ணு நெனச்சு வச்சிருந்தேன்" என்றாள். "போறதுக்கு முன்னாடி, உங்க மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டுப் போகணும்னு. நல்லவளாட்டம். நேத்துலேர்ந்து சொல்லிப் பாக்குறேன், வாயில வர மாட்டேங்குது."

"சொல்ல வேணாம்மா. விடு."

"ரெண்டு வருஷம். ராத்திரியில பல்லக் கடிச்சுக்கிட்டு, உங்க தூக்கம் கெட்டா திட்டுவீங்கன்னு சமையல்கட்டுல போய் உக்காந்திருப்பேன். நடிக்கிறேன்னு சொன்னீங்க. சாகுற வலிங்க அது. அன்னிக்கே பாத்திருந்தா கல்ல எடுத்துட்டு வந்திருப்பேன். கோவம் இருக்கு. மன்னிக்க முடியல. பொய் சொல்லிட்டுச் சாக எனக்கு இஷ்டமில்ல."

அவள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்க முடியாது. வாஷர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவள் உயிரோடு இருந்தால் போதும், வாழ்நாள் பூராவும் திட்டிக்கொண்டே இருக்கட்டும் என்று மனசுக்குள் கெஞ்சினார். யாரிடம் கெஞ்சினார் என்று அவருக்கே தெரியாது.

கடைசியில் அவர் கேட்ட கேள்விதான் வினையாகப் போயிற்று.

"உனக்கு என்ன சாப்பிடணும்னு தோணுது? எதுவா இருந்தாலும் சொல்லு. பிடிச்சதக் குடுக்கச் சொல்லிட்டாங்க."

அவள் யோசித்தாள். இரண்டு மாசமாகக் கஞ்சியும் வெந்த ஆப்பிளும் தின்று நாக்குச் செத்திருந்தது. "பொரிச்ச மீன்" என்றாள். "நல்லா முறுமுறுன்னு."

வாஷர் ஓடினார். கடையில் இருந்ததிலேயே பெரிய மீனாக வாங்கினார். அக்கா மசாலா தடவினாள், அவர் எண்ணெயைக் காய வைத்தார், அடுப்படியில் நின்று பழக்கமில்லாமல் கையைச் சுட்டுக்கொண்டார். சாகப் போகிறவளுக்கு என்ன பத்தியம்? முதல் துண்டை மெதுவாகத் தின்றாள். அப்புறம் இரண்டாவது, மூன்றாவது. வயிறு முட்டியது, ஆனாலும் நாலாவதையும் வாங்கிக்கொண்டாள். வாஷர் அவள் தின்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அத்தனை துக்கத்திலும் அவருக்கு ஒரு திருப்தி. பாவி மனுஷன் தன் கையாலேயே அவளுக்குக் கொள்ளி வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று தெரியாமல் இன்னொரு துண்டை எடுத்து நீட்டினார்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அவள் எழுந்து உட்கார்ந்தாள். முகம் வெளுத்து, நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டாள். ஒரு சத்தமும் போடவில்லை. பல்லைக் கடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாந்தி, நிற்காமல் வாந்தி. "ஆறு வாரம்னு சொன்னாங்களே, நாலு நாள்தான் ஆச்சு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, செருப்பில்லாமல் அவளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார் வாஷர்.

அவசரப் பிரிவில் ஊசி போட்டு, மருந்து ஏற்றி, ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள். டாக்டரம்மா வந்து, என்ன சாப்பிட்டாள் என்று முதலில் கேட்டார்.

"பொரிச்ச மீன்" என்றார் வாஷர்.

"பொரிச்ச மீனா? உங்களுக்கு அறிவிருக்கா? எண்ணெய் கூடாதுன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே. எழுதியும் குடுத்தேனே, அந்தச் சீட்டு எங்க?"

"கடைசி ஆசைன்னு..."

"யாரோட கடைசி ஆசை?"

வாஷர் திக்கித் திக்கிச் சொன்னார். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னீங்க. கை வைக்க முடியாதுன்னு சொன்னீங்க. ஆறு வாரம்னு சொன்னீங்க. டாக்டரம்மா கேட்டுக்கொண்டே வந்து, பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பதா அடிப்பதா என்று தெரியாத முகம்.

"அவங்க சாகப் போறாங்கன்னு நான் எப்பய்யா சொன்னேன்? அந்தக் கட்டியில பாதிக்கு மேல தானாவே வத்திடும். அதுக்குத்தான் ஆறு வாரம். இன்னிக்கு நீங்க பண்ணின காரியத்துலதான் அவங்க உயிருக்கே ஆபத்து."

வாஷர் அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார். சந்தோஷப்படக்கூட முடியவில்லை. சாக மாட்டாள் என்ற செய்தியும் அவளைத் தான்தான் சாகடிக்கப் பார்த்தோம் என்ற செய்தியும் ஒரே மூச்சில் வந்தால் மனுஷன் எதைப் பிடித்துக்கொள்வான்? கொஞ்ச நேரம் கழித்து டாக்டரம்மாவின் காலைப் பிடிக்கப் போனார்.

"அப்ப இப்பவே குத்தி எடுத்துடுங்கம்மா. தண்ணிதானே? ஒரு குழாயச் சொருகி வடிச்சு விட்டா முடிஞ்சது. இப்பவே செய்யுங்க."

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னார்.

"சுவத்துக்குள்ள குழாய் கசிஞ்சு ஈரம் ஊறி நிக்குதுன்னா, கசிவ அடைச்ச கையோட சுவத்தக் கொத்துவீங்களா?"

ஈரச் சுவரைக் கொத்தினால் காரை பூராவும் பெயர்ந்து விழும். கசிவு நின்றால் ஈரம் தானாகக் காயும், பொறுங்க, அவசரப்பட்டு உடைச்சுடாதீங்க என்று எத்தனை வீட்டுக்காரர்களிடம் வாஷரே சண்டை போட்டிருக்கிறார். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

"இந்தக் கட்டிக்குன்னு சொந்தத் தோல் கிடையாது" என்றார் டாக்டரம்மா, கொஞ்சம் இறங்கி வந்து. "அதனாலதான் பொய்க்கட்டின்னு பேரு. சுத்தி இருக்கிற இரைப்பையும் குடலும் ஒட்டிக்கிட்டு ஒரு சுவரு மாதிரி நிக்குது. அந்தச் சுவரு இன்னும் இறுகல. இப்பக் குத்தினா கிழியும், சீழ் பிடிக்கும். வத்தாம வலியும் குடுத்துக்கிட்டே இருந்துச்சுன்னா, சுவரு இறுகினப்புறம் வாய் வழியா கேமராக் குழாயை விட்டு, இரைப்பைக்குள்ளயே அது வடியிற மாதிரி ஓட்டை போட்டு விடுவோம். ஆனா நடுவுல காய்ச்சல் வந்தாலோ ரத்தம் கசிஞ்சாலோ காத்திருக்க முடியாது. சுவரு இறுகுற வரைக்கும் பொறுமையா இருக்கணும். முடியுமா?"

"எட்டு சென்டிமீட்டர் அப்படியே இருக்காம்மா? வெடிச்சிடலியே?"

"வெடிக்கல. உங்க அதிர்ஷ்டம் இல்ல, அவங்க அதிர்ஷ்டம்."

அவளை ஐந்து நாள் வாயில் தண்ணீர்கூடக் காட்டாமல் வைத்திருந்தார்கள். நடந்ததை அக்காதான் அவளிடம் சொன்னாள். சொல்லிவிட்டு அக்காவே சிரித்தாள், அப்புறம் அழுதாள். அவள் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. "அப்ப நான் சாகலியா" என்று மட்டும் கேட்டாள். வார்டு வாசலில் நின்ற வாஷருக்கு அது கேட்டது. சாகப் போகிறோம் என்று நம்பி அவள் கொட்டிய வார்த்தைகளோடுதான் இனி இரண்டு பேரும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்த வேண்டும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

பொறுத்திருப்பது என்றால் அது சும்மா இருப்பது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார் வாஷர். வீட்டுக்கு வந்த பிறகு ஒவ்வொரு நாளும் அவரை உருட்டி எடுத்தது. விடியும் முன் எழுந்து அவள் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார். கை சில்லென்று இருந்தால் அவள் உடம்பு சுடுகிற மாதிரி தோன்றும். உடனே தெர்மாமீட்டரைத் தேடுவார். மேடு பெரிதாகிவிட்டதா என்று துணிக்கு மேலேயே ஓரக்கண்ணால் பார்ப்பார். இரண்டாவது வாரம் ஒரு நாள் நூறு டிகிரி காட்டியது. சீழ் பிடித்துவிட்டது, எல்லாம் முடிந்தது என்று அவளை மறுபடி அள்ளிக்கொண்டு ஓடினார். ரத்தம் எடுத்துப் பார்த்து, வெறும் சளிக் காய்ச்சல் என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது வாரம் அவள் அரைக் கிண்ணம் கஞ்சியை வாந்தியெடுக்காமல் குடித்தாள். அதற்கும் அவருக்குப் பயம்தான். நல்லதாக நடப்பதை நம்ப அவருக்குத் துணிவில்லை. அக்கா ஊருக்குப் போனாள், போகும்போது, "நீ கொஞ்சம் தூங்கு தம்பி, இல்லன்னா உனக்கு ஒரு கட்டி வந்துடும்" என்றாள்.

மனைவி அதிகம் பேசுவதில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டாள், மாத்திரை போட்டாள், ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்தாள். அந்தப் பிற்பகல் பேசியதை அவள் வாபஸ் வாங்கவில்லை. அவரும் வாங்கச் சொல்லவில்லை.

ஆறாவது வாரம் ஸ்கேன். டாக்டரம்மா திரையை இரண்டு பேர் பக்கமும் திருப்பிக் காட்டினார். எட்டாக இருந்தது இரண்டாகி இருந்தது. "தானா வத்திடுச்சு. மிச்சமும் வத்திடும். ஒரு மாசம் கழிச்சு அந்தக் கல்லுப் பைய எடுத்துடலாம், இனிமே இந்தத் தொல்லை வராது" என்றார். வாஷர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார், அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் ஏதோ கெட்ட செய்தி என்று நினைக்கும் அளவுக்கு அழுதார். அவள் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு படுக்கையிலிருந்து இறங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றக் குனிந்தவள், ஒரு கணம் இடுப்பில் கை வைத்து நின்றாள். அவ்வளவுதான். வாஷர் பதறிப் போனார்.

"என்னம்மா? வலிக்குதா?"

"இல்லையே."

"நெஜமா சொல்லு. முதுகுப் பக்கம் போகுதா?"

"இல்லங்க. நடந்து வந்தது. கால் அசந்து போச்சு."

"மறைக்காத. எங்கிட்ட மறைக்காத. உன் முகத்தப் பாத்தாலே தெரியுது. வா, திரும்பப் போய்க் காட்டிட்டு வந்துடுவோம். இப்பவே போவோம்."

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை, அலுத்துப் போன பார்வை.

"வலிக்குதுன்னு சொன்னப்பவும் நம்பல. வலிக்கலன்னு சொன்னாலும் நம்ப மாட்டேங்குறீங்க. நான் வேற என்னதாங்க சொல்றது?"

வாஷர் வாசலிலேயே நின்றார்.

"நம்புறேன்" என்றார். "சத்தியமா நம்புறேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நம்பவில்லை. உள்ளே போய் விளக்கைப் போட்டாள்.